செத்தவர் பக்கம் யார் பேசுவது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் இந்தப் பக்கத்தில், நிஜத்தில் நடந்த பிரபலமான கொலை வழக்குகளை வைத்து எழுதுகிற கதைகளையும் நாவல்களையும் எப்படிப் படிக்கலாம் என்று கொஞ்சம் எழுதியிருந்தேன். முதலில் கதையைப் படியுங்கள், வழக்கின் விவரத்தை அப்புறம் தேடுங்கள் என்பதுதான் அதன் சாரம். அதற்கு வந்த கடிதங்களில் நிறைய நம் ராமநாதபுரம் கரையோரத்து ஊர்களிலிருந்தே வந்திருக்கின்றன, சிலர் சண்டைக்கே வந்திருக்கிறார்கள், அதுவும் நல்லதுதான். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி (பாம்பன்): அக்கா, மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கிற 61 நாளில்தான் நான் புத்தகம் தொடுவேன். இந்த வருடம் ஆளவந்தார் கொலையை வைத்து எழுதின ஒரு கதை கிடைத்தது. அதில் பிணம் இருந்த பெட்டி ரயிலில் எங்கள் பாலத்தைத் தாண்டி தனுஷ்கோடி வரைக்கும் வந்து சேருகிறது. அப்பா, ‘போடா, அது மானாமதுரையிலேயே இறங்கிருச்சு’ என்கிறார். உண்மையில் நடந்த விஷயத்தில் இப்படிப் பொய் எழுதலாமா?

பதில்: அப்பா சொன்னதுதான் சரி தம்பி. 1952 ஆகஸ்ட் 28-ஆம் தேதி சென்னையில் ஆளவந்தார் காணாமல் போனார். ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து, சைனா பஜார் பக்கம் ஒரு பேனாக் கடையில் இடம் பிடித்து பிளாஸ்டிக் சாமான் வியாபாரம் செய்தவர். மறுநாள், எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஓடிய போட் மெயிலில், மூன்றாம் வகுப்பில் கேட்பாரில்லாமல் கிடந்த ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து நாற்றம் தாங்கவில்லை என்று கூட வந்தவர்கள் சொல்ல, மானாமதுரையில் இறக்கித் திறந்து பார்த்தால் உள்ளே தலையில்லாத உடம்பு. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. ராணுவத்தில் பதிவாகியிருந்த கைரேகைதான் ஆள் இன்னார் என்று காட்டிக்கொடுத்தது. இந்தக் கொலைக்காகப் பிரபாகர மேனனும் அவர் மனைவி தேவகியும் பம்பாயில் பிடிபட்டு, 1953-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரி வைத்து வழக்கு நடந்து, மேனனுக்கு 7 ஆண்டும் தேவகிக்கு 3 ஆண்டும் சிறை கிடைத்தது. விசாரித்த நீதிபதி ஏ.எஸ்.பி. அய்யரே நாவலும் நாடகமும் எழுதியவர்.

மானாமதுரை அன்றைக்கு நம் மாவட்டம். சிவகங்கை தனியாகப் பிரிந்தது 1985-ல்தான். அதனால் நம் பக்கத்துப் பெரியவர்கள் இதைச் சென்னைக் கொலை என்று சொல்வதே இல்லை, ‘நம்ம மானாமதுரையில பெட்டி இறங்குச்சே’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். உங்கள் அப்பாவுக்குக் கோபம் வந்தது அதனால்கூட இருக்கலாம்.

சரி, கதையில் பெட்டி பாலம் ஏறியதற்கு வருவோம். அந்த ரயில் போய்ச் சேர வேண்டிய இடம் தனுஷ்கோடிதான். 1964 டிசம்பர் புயல் அந்த ஊரைக் கொண்டுபோகும் வரைக்கும் ஜனங்கள் அங்கே இறங்கி, கப்பல் ஏறி, தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்புக்கு ரயில் பிடித்தார்கள். மானாமதுரையில் யாரும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பெட்டி பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம் எல்லாம் தாண்டி உங்கள் பாலத்தில் ஏறித்தான் இருக்கும். அந்த ‘இருந்திருந்தால்’ என்பதைத்தான் கதாசிரியர் பிடித்துக்கொண்டிருக்கிறார், இதில் எனக்கு ஆட்சேபமே கிடையாது. பெட்டி எந்த ஸ்டேஷனில் இறங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? கடலுக்கு நடுவில் வண்டி மெதுவாக ஊர்கிறது, கீழே தண்ணீர், பெஞ்சுக்கு அடியில் பெட்டி, அதன் மேல் காலை வைத்துக்கொண்டு ஒரு குழந்தை. எழுதத் தெரிந்தவர் கையில் அது எங்கேயோ போய்விடும்.

நான் பயப்படுகிற பொய் வேறு. ஆளவந்தார் எப்படிப்பட்டவர், தேவகியிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதற்குக் கூண்டில் நின்றவர்கள் தரப்பு ஒரு விளக்கம் சொன்னது. அந்தம்மா சொன்னது முழுக்க உண்மையாகவே இருக்கலாம், ஒரு பெண் அப்படிச் சொல்லும்போது அதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் பெட்டிக்குள் இருந்தார். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு சொல்லலிலும் அவர் கொஞ்சம் கொஞ்சமாக வில்லனாகிக்கொண்டே போவதும், இல்லையென்றால் தேவகி மயக்குகிறவளாகிக்கொண்டே போவதும் நடக்கிறது, கதைக்கு அது வசதி. நீங்கள் படித்த கதையை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். அதில் ஆளவந்தாருக்குக் குடும்பம் இருக்கிறதா? அவர் வீட்டில் யாராவது அவரைத் தேடுகிறார்களா? அப்படி ஒரு பக்கமாவது இருந்தால், பெட்டியை யாழ்ப்பாணத்துக்கே கொண்டுபோய் இறக்கியிருந்தாலும் அது நேர்மையான கதைதான்.

கேள்வி (கீழக்கரை): நான் கல்லூரியில் படிக்கிறேன். கொலைக் கதை என்றால் விடிய விடியப் படிப்பேன். நிஜமாக நடந்தது என்று தெரிந்தால் ஆர்வம் இன்னும் கூடிவிடுகிறது. உம்மா, ‘ஒருத்தர் மவுத்தானதைப் போய் ருசிச்சுப் படிக்கிறியே’ என்று திட்டுகிறார். லாத்தா (அக்கா) என் பக்கம். இது தப்பா?

பதில்: தப்பு என்றால் இந்தத் தமிழ்நாடே நூறு வருடத்துக்கு மேலாக அந்தத் தப்பைச் செய்துகொண்டிருக்கிறது. ஊரை உலுக்கிய ஒரு கொலை நடந்தால் உடனே அதைப் பாட்டாகக் கட்டி, மட்டமான தாளில் சின்னப் புத்தகமாக அச்சடித்து, சந்தையிலும் ரயிலிலும் பாடிக்கொண்டே விற்பார்கள், கொலைச்சிந்து என்று அதற்குப் பெயர். எழுத்துத் தெரியாதவர்களும் வாங்கிக்கொண்டுபோய்ப் படிக்கத் தெரிந்தவர்களை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அதற்கும் முன்னால் வில்லுப்பாட்டு. பாபநாசம் பக்கத்து முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள், பிராமணராகப் பிறந்து சக்கிலியர் வீட்டு அக்கா தங்கை இரண்டு பேரைக் கட்டிக்கொண்டு, மாடு திருட வந்தவர்கள் கையில் செத்தவர். இன்றைக்கு அவருக்குக் கோயில் இருக்கிறது, பாட்டு இருக்கிறது.

தென்மாவட்டங்களில் அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களைச் சாமியாகக் கும்பிடுவது பரவலான வழக்கம். கொன்றவனுக்கு யாரும் பீடம் போடுவதில்லை, செத்தவருக்குத்தான் பீடம். கோயில் கொடைவிழா நடக்கிற ராத்திரியில் சாமியாடி மேல் இறங்கி அந்தச் செத்தவரே வந்து பேசுகிறார், எனக்கு இன்னது செய்தீர்கள் என்று கேட்கிறார், ஊர் கேட்டுக்கொண்டு நிற்கிறது. உங்கள் வீட்டு நம்பிக்கை வேறு, அது எனக்குத் தெரியும். ஒரு கதை முறையாக மட்டும் இதைப் பாருங்கள். கொலையைப் பற்றிக் கதை சொல்வதில் நம் ஜனங்கள் எடுத்துக்கொண்ட பக்கம் எது என்று அதில் பளிச்சென்று தெரிகிறது.

உம்மா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். 1888-ல் லண்டனில் நடந்த கொலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாக் த ரிப்பர் என்ற பெயர் உங்களுக்குத் தெரியும், அந்தப் பெயரை வைத்து எழுதிய கதைகளுக்கு அளவே கிடையாது, அவன் யார் என்று இன்றுவரை தெரியாவிட்டாலும் உலகத்துக்கே அவனைத் தெரியும். மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி. இந்த ஐந்து பேரில் ஒருவர் பெயரையாவது முன்னால் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஒரு புத்தகத்தை முடித்து வைக்கும்போது செத்தவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரிகிறது, என்ன சாப்பிடுவார், யாரிடம் கோபித்துக்கொள்வார், எதற்குச் சிரிப்பார் என்று எதாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உம்மாவுக்கும் அந்தப் புத்தகத்தைக் கொடுங்கள். லாத்தாவுக்கு அப்புறம் கொடுக்கலாம்.

கேள்வி (ராமநாதபுரம்): வழக்கை முதலில் படித்துவிட்டுக் கதைக்குப் போனால் என்ன குறைந்துவிடும்? எது நிஜம் எது கற்பனை என்று தெரிந்தே படிக்கலாமே.

பதில்: ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி ‘இது நடந்ததா’ என்று சோதித்துக்கொண்டிருப்பீர்கள், கதை உங்களுக்குள் இறங்காது. ஒரு தடவை முழுசாக நம்பிப் படியுங்கள். அப்புறம் வழக்கைப் படித்துவிட்டு மறுபடி கதைக்கு வந்தால், எழுதினவர் எங்கெல்லாம் கை வைத்தார் என்று தன்னால் தெரியும், அந்த இடங்களில்தான் அவருடைய மனசும் தெரியும்.

கேள்வி (மண்டபம்): ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மகன் வாங்கி அனுப்பிய மார்கரெட் அட்வுட்டின் ‘அலையாஸ் கிரேஸ்’ நாவலை ஆங்கிலத்தில் சிரமப்பட்டுப் படித்து முடித்தேன். கடைசியில் அந்தப் பெண் கொலை செய்தாளா இல்லையா என்று சொல்லவே இல்லை. இத்தனை பக்கம் படித்தவனை ஏமாற்றியது போல இருக்கிறது. உங்கள் கருத்து?

பதில்: ஐயா, அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் அந்த நாவலுக்காக நான் உங்களோடு வாதாடத்தான் போகிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1843 ஜூலையில் கனடாவில், டொரன்டோவுக்கு வடக்கே ரிச்மண்ட் ஹில் பக்கத்தில், தாமஸ் கின்னியர் என்ற பணக்காரரும் அவர் வீட்டை நிர்வகித்த நான்சி மான்ட்கோமரியும் கொல்லப்பட்டார்கள். அந்த வீட்டு வேலைக்காரர்களான ஜேம்ஸ் மெக்டெர்மட்டும் கிரேஸ் மார்க்ஸும் அமெரிக்காவுக்கு ஓடி, அங்கே பிடிபட்டார்கள். மெக்டெர்மட்டைத் தூக்கில் போட்டார்கள். கிரேஸ் அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த குடும்பத்துப் பெண், வயது 16. அவளுடைய தூக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்து, 30 வருடம் ஆகப்போகிற நேரத்தில், 1872-ல் மன்னிப்புக் கிடைத்து வெளியே வந்தாள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. அட்வுட் இந்த வழக்கை இரண்டு தடவை எழுதினார். முதல் தடவை 1970-களில் ஒரு தொலைக்காட்சி நாடகம். அதற்கு அவர் நம்பியது சூசன்னா மூடி என்ற எழுத்தாளர் 1853-ல் வெளியிட்ட வர்ணனையை. மூடி சிறையில் போய் கிரேஸைப் பார்த்தவர்தான், ஆனால் வழக்கைத் தன் நினைவிலிருந்து, தன் காலத்து ருசிக்கு ஏற்ற மாதிரி ரத்தமும் பேய்க்கண்களுமாக எழுதிவிட்டார். அட்வுட் பிற்பாடு பழைய பத்திரிகைகளையும் ஆவணங்களையும் தேடிப் படித்தபோது, மூடி சொன்னதில் பல விஷயம் பொருந்தவில்லை. பத்திரிகைக்குப் பத்திரிகை கிரேஸ் வேறு வேறு ஆளாக இருந்தாள், ஒருவருக்கு அசடு, ஒருவருக்குச் சூழ்ச்சிக்காரி, ஒருவருக்கு மிரட்டப்பட்ட சிறுமி. அதையெல்லாம் பார்த்தபிறகு 1996-ல் இந்த நாவல் வருகிறது. அவள்தான் செய்தாள் என்றோ செய்யவில்லை என்றோ அடித்துச் சொன்னால், மூடி செய்த அதே காரியத்தைத்தானே அவரும் செய்த மாதிரி ஆகியிருக்கும்? தெரியாததைத் தெரியாது என்று விடுவதற்கு ஒரு நாவலாசிரியருக்கு நிறையத் தைரியம் வேண்டும், ஏனென்றால் உங்களைப் போன்ற வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

இன்னொன்று, நான்சியைக் கவனித்தீர்களா? அந்த வழக்கில் இரண்டு கொலை நடந்தும், கின்னியர் கொலைக்குத்தான் விசாரித்துத் தண்டனை கொடுத்தார்கள். தூக்கு விழுந்தாகிவிட்டது, இன்னொரு வழக்கு எதற்கு என்று நான்சியின் சாவை நீதிமன்றம் விசாரிக்கவே இல்லை. அந்தப் பெண் அப்போது கர்ப்பமாக இருந்தாள் என்று பிணப் பரிசோதனையில் தெரிந்தது. நாவலில் நான்சி எரிச்சல்படுகிறாள், சிரிக்கிறாள், அதிகாரம் பண்ணுகிறாள், பயப்படுகிறாள், கூடவே வேலை செய்கிற பெண்ணோடு ஒரு நேரம் சிநேகமாகவும் ஒரு நேரம் பொறாமையாகவும் இருக்கிறாள். நீதிமன்றத்தில் அவளுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை, இந்தப் புத்தகத்தில் முழுசாக ஒரு மனுஷியாக நடமாடுகிறாள். இன்னொரு முறை படிக்கும்போது கிரேஸை விட்டுவிட்டு நான்சியை மட்டும் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள் ஐயா, ஏமாந்துபோன உணர்வு குறையும் என்று நினைக்கிறேன். குறையாவிட்டாலும் எழுதுங்கள்.

கேள்வி (உச்சிப்புளி): கதை கதைதானே? இத்தனை யோசித்துப் படிக்க வேண்டுமா? எங்கள் ஊரில் நேவி இருக்கிறது, நாங்கள் நானாவதி கதையைச் சின்ன வயதிலிருந்து ரசித்துக் கேட்டிருக்கிறோம், யாருக்கு என்ன கெட்டுப்போனது?

பதில்: பிரேம் அஹூஜாவுக்குக் கெட்டுப்போனது. 1959 ஏப்ரல் 27-ஆம் தேதி பம்பாயில், கடற்படை கமாண்டர் நானாவதி தன் மனைவியோடு தொடர்பு வைத்திருந்த அஹூஜாவை அவர் வீட்டுக்குப் போய்ச் சுட்டார். ஜூரியில் 8 பேர் குற்றவாளி இல்லை என்றார்கள், ஒருவர்தான் மாற்றிச் சொன்னார். உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் ஆயுள் தண்டனை கொடுத்தது, 1961-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 1964-ல் மன்னிப்புக் கிடைத்து, நானாவதி குடும்பத்தோடு கனடா போய்விட்டார். வழக்கு நடக்கும்போதே ஒரு பத்திரிகை அவரை வீரனாக்கி எழுதித் தள்ளியது, தெருவில் ஜனங்கள் அவருக்காக நின்றார்கள். அந்த வழக்கை வைத்து வந்த கதைகளிலும் படங்களிலும் வெள்ளைச் சீருடை போட்ட கணவனுக்குத்தான் நல்ல இடம். செத்தவர் ஒரு பெண்பித்தன், அவ்வளவுதான், ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அவருக்காகக் கடைசிவரை நின்ற அக்கா ஒருவர் இருந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தப்பான உறவு வைத்தவரைச் சுடலாம் என்று நீங்கள் ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டீர்கள். ஆனால் கதையாகக் கேட்கும்போது ஒப்புக்கொண்டுதான் கை தட்டியிருக்கிறோம், நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதற்காகத்தான் யோசித்துப் படிக்கச் சொல்கிறேன்.

கேள்வி (தேவிபட்டினம்): லட்சுமிகாந்தன் கொலையை வைத்து எழுதிய ஒரு தொடரில் பாகவதர்தான் ஆள் வைத்துச் செய்தார் என்று நிஜப் பெயரோடு முடித்திருக்கிறார்கள். என் அம்மா இரண்டு நாள் பேசவில்லை, அவருக்குப் பாகவதர் பாட்டு என்றால் உயிர். இப்படி எழுத உரிமை உண்டா?

பதில்: நிஜப் பெயரைப் போட்டுவிட்டு, நீதிமன்றம் நிரூபணமாகவில்லை என்று விட்டுவிட்ட குற்றத்தை அவர் தலையில் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8-ஆம் தேதி சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது குத்துப்பட்டு மறுநாள் இறந்தார். தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள், வழக்கு அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் மறு விசாரணைக்குத் திரும்பி வந்தது, 1947-ல் இரண்டு பேரும் விடுதலை ஆனார்கள். கொன்றது யார் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. பெயரை மாற்றிவிட்டு எழுதியிருந்தால் அது அவருடைய ஊகம், படித்துவிட்டுப் போகலாம்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். இந்த வழக்கில் பாகவதருக்காக அழ எத்தனையோ பேர் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். லட்சுமிகாந்தனுக்காக யாரும் இல்லை. ‘சினிமா தூது’, அப்புறம் ‘இந்து நேசன்’ என்று நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்த மனிதர், நல்லவர் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தப் பத்திரிகையை ஜனங்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். வாங்கியவர்கள் எல்லோரும் அவர் செத்ததும் ‘நல்லா வேணும்’ என்றார்கள். அந்த வாங்கின ஜனத்தை வைத்து யாராவது ஒரு நாவல் எழுதினால் முதல் ஆளாக நான் படிப்பேன்.

கேள்வி (தொண்டி): ஓரியூர் அருளானந்தர் வரலாற்றை நாவலாக எழுதினால் தப்பாகுமா? எங்கள் வீட்டில் வருடா வருடம் ஓரியூர் போகிறவர்கள். புனிதரைக் கதாபாத்திரம் ஆக்கலாமா என்று வீட்டில் ஒரே வாக்குவாதம்.

பதில்: இது கொலை வழக்கு இல்லை, அரச ஆணையால் நடந்தது. ஆனாலும் கேள்வி ஒன்றுதான் என்பதால் சேர்த்துக்கொள்கிறேன். லிஸ்பனில் பிறந்து இங்கே வந்து துறவி வேடத்தில் வேதம் சொன்ன அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ), ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்தில், 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஓரியூரில் தலையை வெட்டிக் கொன்றார்கள். அங்கே மண் சிவந்திருப்பது அவர் ரத்தத்தால்தான் என்று நம்பி, இன்றைக்கும் மடியில் முடிந்துகொண்டு வருகிறோம். 1947-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. நடந்ததற்குக் காரணம் என்று சொல்வது, தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் ஞானஸ்நானம் பெற்று ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கிவிட்டார், விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதிக்கு உறவு, அவள் போய் முறையிட்டாள் என்பது.

புனிதரின் பக்கம் இங்கே நன்றாகவே பதிவாகியிருக்கிறது. சாவதற்கு முன்னால் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதம்கூட இருக்கிறது, கூட இருந்த குருமார்கள் எழுதி அனுப்பியவை இருக்கின்றன. சத்தமே இல்லாத பக்கம் அந்தப் பெண்ணுடையது. புருஷன் வேறு வேதத்துக்குப் போனதால் ஒரே நாளில் மனைவி என்ற இடத்தை இழந்தவள், அவளுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா, எந்த வீட்டுக்குத் திரும்பிப் போனாள், முறையிடும்போது ஒரு மனிதரின் தலை போகும் என்று நினைத்தாளா, பிப்ரவரி மாதம் செய்தி வந்தபோது என்ன செய்தாள்? புனிதருடைய பெருமையில் ஒரு துளி குறையாமல் இதை எழுத முடியும் என்றுதான் நான் நினைக்கிறேன். பக்தியோடு எழுதுங்கள், ஆனால் அவளை இராட்சசியாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். வீட்டில் வாக்குவாதம் நடக்கட்டும், எழுதி முடித்தபிறகு அவர்களுக்கே முதலில் வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி (ஏர்வாடி): மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். இந்த மாதிரிப் புத்தகம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், நீங்களும் படித்திருந்தால். படித்து முடித்ததும் அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். உடம்பை வெட்டுவதையே பக்கம் பக்கமாக வர்ணிக்கிற புத்தகங்களை மட்டும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள், அவை பெரியவர்களுக்கும் தேவையில்லை.

கேள்வி (ராமேஸ்வரம்): எங்கள் பக்கத்தில் பல வருடம் முன்னால் நடந்த ஒரு கொலை என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. கதையாக எழுத வேண்டும். இரண்டு பக்கத்து உறவுக்காரர்களும் இன்னும் இருக்கிறார்கள். எப்படி ஆரம்பிப்பது அக்கா?

பதில்: முதலில் தீர்ப்பை வாங்கிப் படியுங்கள். வழக்கு எண்ணும் வருடமும் தெரிந்தால் நீதிமன்றத்தில் நகல் கேட்டு மனு போடலாம், மேல்முறையீடு போயிருந்தால் உயர் நீதிமன்றத் தீர்ப்பு இணையத்திலேயே கிடைக்க வாய்ப்பு உண்டு. அன்றைய நாளிதழ்களுக்கு ராமநாதபுரத்தில் மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், அங்கே இல்லாவிட்டால் சென்னையில் கன்னிமாரா. ஊரில் பேசிக்கொள்வதையும் எழுதி வையுங்கள், ஆனால் தனி நோட்டில், ஏனென்றால் கொஞ்ச நாளில் எது படித்தது எது கேட்டது என்று உங்களுக்கே குழம்பிவிடும்.

பெயர், தொழில், தெரு, எல்லாவற்றையும் மாற்றுங்கள். படகுக்காரர் என்றால் உப்பளத்துக்காரர் ஆக்குங்கள், ராமேஸ்வரம் என்றால் வாலிநோக்கம் பக்கம் கொண்டுபோங்கள். உறவுக்காரர் ஒருவர் படித்தால் அவருக்கு மட்டும் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது, அந்த அளவுக்கு மாற்ற வேண்டும். சாதியை வைத்து ஊர் இரண்டாகிற விஷயம் என்றால் இன்னும் பத்து மடங்கு கவனம், அச்சில் போகும் முன்னால் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது உங்களுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

அப்புறம், கொலை நடந்த ராத்திரியில் ஆரம்பிக்க வேண்டாம். எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். செத்தவர் அதற்கு ஒரு மாதம் முன்னால் எங்கே கடன் வாங்கினார், யாருக்கு மீன் கொடுத்தனுப்பினார், எந்தக் கல்யாணத்துக்குப் போகாமல் விட்டார் என்று விசாரியுங்கள். வீட்டுக்காரர்கள் கொலையைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள், ஆனால் அவர் எப்படிச் சாப்பிடுவார் என்று கேட்டால் பேசுவார்கள். பேச விருப்பமில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள், இரண்டாவது தடவை போகாதீர்கள். முதல் இருபது பக்கம் ஆனதும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.